அம்மாவுக்குத் தெரியாமல் அடிச்ச காத்து

— மெல்லக் கதையுங்கோ மாமா. கோயில் மதிலுக்கு அங்காலைதான் அம்மா நிக்கிறா.

— மெல்லத்தான் கதைக்கிறன். நீ முதலிலை காரின்ரை உந்தச் சில்லைப் பார். இடப்பக்கம், பின்னுக்கு. விடிய நாலு சில்லுக்கும் நானே அளவாக் காத்தடிச்சனான். இப்ப அடிப்பக்கம் சப்பிப்போய்க் கிடக்கு.

— எனக்கொரு வித்தியாசமும் தெரியேல்லை.

— மற்றதைப் பாத்திட்டு வந்து இதைப் பார். அது விறைச்சுக்கொண்டு நிக்குது. இது விலாவைத் தள்ளிக்கொண்டு நிக்குது, மூக்குமுட்டச் சாப்பிட்டிட்டுச் சுவரிலை சாய்ஞ்ச ஆள் மாதிரி. விளங்குதே?

— பஞ்சரோ?

— பெரிய ஓட்டையெண்டா இதுக்கிடையிலை படுத்திருக்கும். இது கள்ளக் காத்து. உரும்பிராயிலை வெளிக்கிட்டுக் கோப்பாய் வாறதுக்கிடையிலை இவ்வளவுதான் இறங்கியிருக்கெண்டா, மயிர் நுழையிற அளவுக்குத்தான் வழி இருக்கு.

— கொடிகாமம் போய்ச் சேருமோ? அதை மட்டும் சொல்லுங்கோ.

— சங்கதி என்னண்டா வாகீசன், காத்து மூண்டு வழியாலை போகலாம். ஒண்டு வால்வு. மற்றது, ரயர் றிம்மோடை கவ்விற விளிம்பு. எங்கடை உப்புக்காத்துக்கு றிம் கறள் பிடிச்சுப் பொருக்கு விட்டிருந்தா, அதாலை கசியும். பிறகு ரயரின்ரை முகம், நிலத்திலை உருளுற பக்கம். இதுக்கை ரியூப் இல்லை, பார். ரியூப் உள்ள ரயர் குத்தினவுடனை படுத்திடும். இது அப்பிடியில்லை, குத்தினதையே கவ்விப் பிடிச்சுக்கொண்டு...

— மாமா! ஸ்பெயார் சில்லை மாத்த ஏலாதோ?

— மாத்துறது சுகம். ஆனா அது கிடக்கிறது டிக்கியின்ரை அடித்தட்டுக்குக் கீழை. அதுக்கு மேலை அக்கா ஏத்தின வாழைக்குலை, பழத்தட்டு, பலகாரப் பெட்டி. எல்லாத்தையும் றோட்டிலை இறக்கிப் பரப்பினா, உன்ரை அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிப்பாவோ?

— கண்டாவெண்டா முடிஞ்சுது கதை. காரைத் திருப்பு எண்டுவா.

— தெரியுமே. முதல்தரம் விறகுக்கட்டோடை ஒருத்தன் குறுக்கை வந்தானெண்டு திருப்பினவ. ரெண்டாந்தரம் பூனை.

— பூனைகூட இல்லை மாமா. பூனை கத்தின சத்தம்.

— ஓமோம், சத்தம். நான் கூடக் கேக்கேல்லை.

— இண்டைக்கும் போகாட்டி உதயகலாவின்ரை ஆக்கள் சுவிஸ் மாப்பிள்ளைக்கு ஓமெண்டு சொல்லிப்போடுவினம். நேற்றும் போனிலை அழுதவள். "உங்கடை அம்மா என்னைப் பொம்பிளை பாக்க வாறதுக்கிடையிலை என்னைப் பிளேனிலை ஏத்திவிட்டிடுவினம்" எண்டு.

— பெட்டை பகிடிக்குச் சொல்லியிருப்பாள்.

— அழுதுகொண்டு ஆராவது பகிடி விடுவினமோ?

— சரி, பயப்பிடாதை. கால் பம் என்ரை சீற்றுக்குக் கீழை கிடக்கு, எடு. நான் அதுக்கிடையிலை வால்விலை துப்பிப் பாக்கிறன்.

— துப்பியோ?

— பின்னை? எச்சில் படலமா நிக்கும். உள்ளையிருந்து காத்து வந்தா நுரைமுட்டை விடும். பார்... பார்... இல்லை. வால்வு சுத்தம். ஒரு வழி கழிஞ்சுது.

— கெதியா அடியுங்கோ.

— நானோ? என்ரை முழங்காலோடையோ? மாப்பிள்ளை நீயெல்லோ. வேட்டியை மடிச்சுக் கட்டிப்போட்டு மிதி. அப்பிடியில்லை, முழுசா மிதி. அரைவாசி மிதிச்சா பம்முக்குள்ளை இருக்கிற காத்து நசிஞ்சுபோட்டுத் திருப்பி நிமிரும். உள்ளை இருக்கிறதைவிடப் பம்முக்கை இறுகினாத்தான் வால்வு வழி விடும். விளங்குதே?

— விளங்குது, விளங்குது! சத்தம் கேக்குமோ எண்டுதான்...

— தியாகு! என்னடா அங்கை புஸ் புஸ்ஸெண்டு கேக்குது?

— மாமா, அம்மா! பம்மை உள்ளை போடுங்கோ!

— சத்தமோ அக்கா? அது... அது வாகீசன் தும்மினவன்.

— தும்மினவனோ? நல்ல காரியத்துக்குப் போற வழியிலை தும்மினவனோ?

— ஐயோ இல்லை அம்மா! மாமாதான் தொண்டையைச் செருமினவர்.

— ஓம் அக்கா, செருமினது. சளி. நான்தான்.

*

— வடிவாச் சொல்லு தியாகு. செருமினதோ, தும்மினதோ?

— செருமினது அக்கா. காரிலை ஏறினதிலையிருந்து இதையே கேக்கிறாய்.

— கேப்பன்தானே. தும்மலெண்டா இதிலையே இறங்கியிருப்பன். அம்மாளாச்சி, இந்த முறை நான் ஒரு குறையும் வைக்கேல்லை. முந்தநாள் முழுக்க இருந்து தேசிக்காய் மாலை கோத்து, அம்மாளுக்குச் சாத்தி, ஐயரிட்டை அந்தத் தேசிக்காயிலையே நாலைக் கேட்டு வாங்கி, விடிய நாலு சில்லுக்கும் கீழை வைச்சு நசிச்சுப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான். முழுவியளச் சகுனமும் நல்லா இருந்தது. படலை திறக்கப் பால்காரன் எதிரை வந்தான்.

— அவன் ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்குத்தானே அம்மா வாறவன்.

— வாயை வைக்காதை. ஏன் தியாகு மாட்டுவண்டில் மாதிரி உருட்டிறாய்? நல்ல நேரம் பத்தரையோடை முடியுது.

— வேகமா ஓடினா என்ன நடக்குமெண்டா அக்கா, காத்துக் குறைஞ்ச ரயர் உருளேக்கை விலாப்பக்கம் மடிஞ்சு மடிஞ்சு நிமிரும், அந்தச் சூட்டிலை...

— மாமா!

— ...வாழைக்குலை நசியும் அக்கா. அதுதான் மெல்லப் போறன்.

— வாழைக்குலைக்கும் ரயருக்கும் என்ன?

— பொதுவாச் சொன்னனான். கார் சாத்திரம்.

— ரயர் எண்டு என்ரை காதிலை சொல்லாதை. எங்கடை சுபாஜினிக்குக் கலியாணம் பேசப் போனது நினைவிருக்கே? சாவகச்சேரிச் சந்தையடியிலை சில்லுக்குக் காத்துப் போய் நிண்டம். திரும்புவம் எண்டு எனக்கு மனம் சொன்னது. எல்லாரும் சிரிச்சியள். ஒட்டிக்கொண்டு போனம். என்ன நடந்தது? ரெண்டு வருசம் அவனோடை கிடந்து அடி வாங்கிப்போட்டு, என்ரை பிள்ளை தாலியைக் கழட்டி என்ரை கையிலை கொண்டுவந்து தந்தவள். அண்டைக்குத் திரும்பியிருந்தா?

— அம்மா, அந்தக் கதை இப்ப வேண்டாமே.

— வேண்டாம்தான். உனக்கு அப்பிடி நடக்கக் கூடாதெண்டுதான் எனக்கிந்தப் பாடு. போற வழியிலை காத்துப் போனா அண்டைக்கே விட்டிடவேணும். அதிலை எனக்கு ரெண்டாம் பேச்சில்லை.

— மாமா... கார் இடப்பக்கம் இழுக்கிற மாதிரி...

— தெரியுது, தெரியுது. கைப்பிடியிலை எனக்குத் தெரியாதோ?

— என்ன தெரியுது?

— அம்மா, மாமாவுக்குச் சலம் முட்டுதாம்.

— எனக்கோ?

— ஓம், உங்களுக்குத்தான் மாமா.

— ஓ... ஓம் அக்கா. முட்டுது. சீனி வருத்தமெல்லோ.

— உனக்கு எப்பயடா சீனி வந்தது?

— அது மெல்ல மெல்லத்தானே அக்கா வரும். பாலத்துக்கு இஞ்சாலை ஒரு மறைவு இருக்கு, நிப்பாட்டுறன்.

— வாகீசன், நீ எங்கை இறங்கிறாய்?

— எனக்கும்தான் அம்மா.

— பொம்பிளை பாக்கப் போற ரெண்டு ஆம்பிளையளும் நல்ல சீர்தான்.

*

— ஐயோ மாமா, இப்ப எனக்கே தெரியுது. பாதி இறங்கிட்டுது.

— குந்து. அக்காவின்ரை பக்கத்துக் கண்ணாடிக்குத் தெரியாமல் குந்து. கை கழுவக் காருக்கை கிடந்த சவுக்காரத்துண்டைக் கொண்டந்தியே?

— இந்தாங்கோ. கடல் தண்ணி அள்ளிக்கொண்டு வரட்டே?

— வேண்டாம். உப்புத் தண்ணியிலை சவுக்காரம் நுரைக்காது. குடிக்கிற தண்ணிப் போத்திலை எடு. இப்ப மூடிக்கை கரைச்சு, முதலிலை றிம் விளிம்பைச் சுத்தி ஊத்து... மெல்ல... இல்லை. முட்டை ஒண்டும் வரேல்லை. அப்ப ரெண்டாவது வழியும் கழிஞ்சுது. இனி முகம்தான்.

— முகத்திலை ஒரு பக்கம் நிலத்தோடையெல்லோ இருக்கு.

— அதுதான் காரைக் கொஞ்சம் உருட்டவேணும். நியூட்ரலிலைதான் விட்டனான். தோளைக் குடுத்துத் தள்ளு. ம்... இன்னும்...

— தியாகு! கார் ஏன் தன்பாட்டிலை போகுது?

— காத்து அக்கா! கடற்காத்து பலமா அடிக்குது!

— என்ன மாமா சொல்லிப்போட்டியள்? காத்திலை கார் போகுமோ?

— பேசாமல் தண்ணியை ஊத்து. அந்தா! கண்டியே? குறுணி குறுணியா முட்டை விடுது. எவ்வளவு வடிவா விடுது பார், மீன் குஞ்சு மூச்சு விடுற மாதிரி.

— வடிவு பாக்கிற நேரமே மாமா?

— நகத்தாலை சுரண்டு. என்னமோ மினுங்குது. அதைச் சுத்திப் பச்சையா ஒட்டிக்கொண்டு... மணந்து பார்.

— தேசிக்காய்.

— தேசிக்காய்த் தோல்! அப்ப அந்த மினுங்கிறது... கோணூசி முனை. சாக்குத் தைக்கிற கோணூசியெல்லோ உது. தேசிக்காய்க்குள்ளை முறிஞ்சு நிண்டிருக்கு. சில்லு ஏறி நசிக்கேக்கை நேரை உள்ளை ஏறியிட்டுது.

— அம்மா கோத்த மாலை.

— வேறை ஆர்?

— தள்ளுங்கோ, இழுத்து எடுத்துவிடுறன்.

— தொடாதை! கையை எடு! சங்கதி என்னண்டா, ஓட்டையைப் போட்டதும் உந்த ஊசிதான், இப்ப அடைச்சுக்கொண்டு நிக்கிறதும் உந்த ஊசிதான். றப்பர் சுத்திவரக் கவ்வியிருக்கு. கவ்வாத இடுக்காலைதான் கசியுது. இழுத்தியெண்டா வாசல் திறந்த மாதிரி. அஞ்சு நிமிசத்திலை றிம்மிலை நிப்பம்.

— அப்ப என்ன செய்யிறது?

— அப்பிடியே விட்டிட்டுக் காத்தை அடிச்சு அடிச்சுப் போறது. நாளைக்கு ரயர்க் கடையிலை குடுத்தா உள்ளை ஒரு திரி செருகி அடைச்சுத் தருவான். இண்டைக்கு ஞாயிறு. வழியிலை ஒரு கடையும் திறந்திராது.

— அம்மா கேட்டா?

— என்னத்தை நான் கேட்டா?

— அம்மா! நீங்கள் எப்ப இறங்கினனீங்கள்?

— என்னத்தைக் கேட்டாவெண்டு கேக்கிறன். சலம் போக வந்த ரெண்டு பேரும் சில்லுக்கு முன்னாலை குந்தியிருந்து என்ன பூசையோ செய்யிறியள்? தள்ளு. தள்ளு வாகீசன்.

— அம்மா, அது சின்ன...

— காத்துப் போட்டுது.

— முழுசாப் போகேல்லை அக்கா. கசியுதுதான். காரணமும் கண்டுபிடிச்சிட்டம். இஞ்சை பார், சகுனமுமில்லை, ஒண்டுமில்லை. ஊசி! வெறும் ஊசி முனை. உன்ரை தேசிக்காய்க்குள்ளாலை வந்தது.

— என்ரை கோணூசி... மாலை கோக்கேக்கை முனை முறிஞ்சது. பாயெல்லாம் தட்டி, விளக்குமாறு போட்டுத் தேடினன். காலிலை ஏறிவிடுமெண்டு பயந்தனே ஒழிய, காய்க்குள்ளை நிக்குமெண்டு நினைக்கேல்லை.

— அதுதான் சொல்லுறன். இது எங்கடை கைப்பிழை. இதிலை சகுனம் எங்கை வந்தது?

— கைப்பிழையோ? தியாகு, அம்மாளின்ரை கழுத்திலை ஒரு இரவு கிடந்த தேசிக்காய். அத்தினை காயிருக்க ஐயர் எடுத்துத் தந்தது இதை. அத்தினை இடமிருக்க ஊசி ஏறினது சில்லிலை. இதுக்கு மேலை அவ வாயைத் திறந்து சொல்லவேணுமோ? திருப்பு காரை.

— அம்மா!

— திருப்பெண்டு சொன்னன்.

— நீங்கள் திரும்புங்கோ. நான் வரமாட்டன். கைதடிச் சந்திக்கு நடந்து போய் பஸ் எடுப்பன்.

— தாயில்லாமல் பொம்பிளை கேட்டுத் தனியப் போறவனை எந்த வீட்டிலை இருத்துவினம்? விசர்க்கதை கதையாதை.

— விசர்தான். மூண்டாந்தரம் அம்மா. அந்தப் பிள்ளை சீலை கட்டிக்கொண்டு மூண்டாந்தரமும் காத்துக்கொண்டு இருக்கிறாள். இண்டைக்கு விட்டா நாளைக்கு அவள் எனக்கில்லை. அது உங்களுக்கு விளங்குதோ இல்லையோ?

— எனக்கு விளங்காதோ? சுபாஜினி இரவிரவா அழுததை நானெல்லோ கேட்டுக்கொண்டு கிடந்தனான். நீ அழுறதையும் கேக்கச் சொல்லுறியோ?

— அக்கா, கோவிக்காதை, ஒண்டு சொல்லுறன். சுபாஜினிக்குப் போன அண்டைக்குச் சில்லைக் கழட்டினது நான். ஏறியிருந்தது மாட்டு லாடத்து ஆணி. சந்தைக்கு வந்த ஏதோ ஒரு மாட்டின்ரை காலிலையிருந்து கழண்டது. அந்த ஆணிக்கு அவன் குடிப்பானெண்டு தெரியுமோ? அவன்ரை ஊரிலை போய் ஒரு கடையிலை கேட்டிருந்தா அவன்ரை வண்டவாளம் தெரிஞ்சிருக்கும். நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. சாதகம் பொருந்தினதே போதுமெண்டு குடுத்தம். நீ ஆணியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்.

— போதும்.

— உதயகலாவை விசாரிச்சிட்டம் அக்கா. தங்கமான பிள்ளை.

— போதுமெண்டு சொன்னன் தியாகு.

— அம்மா, உங்கடை போன் அடிக்குது.

— ஆர்?

— குணலட்சுமி மாமி. உதயகலாவின்ரை அம்மா.

— நல்லதாப் போச்சு. தா இஞ்சை. வரேல்லையெண்டு நானே சொல்லிவிடுறன்.

— அம்மா, பிளீஸ் அம்மா. மாமா, சொல்லுங்கோவன்.

— நான் என்னத்தைச் சொல்ல? அவவின்ரை கையிலை போன் போட்டுது.

— ஓம், பாலேஸ்வரிதான் கதைக்கிறன். வணக்கம் தங்கச்சி. ஓம், வெளிக்கிட்டம், ஆனா ஒரு சங்கதி, அதைத்தான் சொல்லவெண்டு... என்ன?... ஆர், உங்கடை தமையனோ?... ஓ... என்ன சொல்லுறார்?... சாத்திரியிட்டையும் கேட்டவரோ? ஆற்றை சாதகத்தைக் குடுத்துக் கேட்டவர்?... பெடியனிலை குறையெண்டோ?... கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி. பிழையா விளங்கியிட்டியள். முதல்தரம் எனக்குக் காய்ச்சல். ரெண்டாந்தரம் தம்பிக்கு வயித்துக்குத்து. அதுக்கும் என்ரை பிள்ளைக்கும் என்ன?... இண்டைக்கோ? இண்டைக்கு ஒரு தடங்கலுமில்லை. முழுவியளம் அந்த மாதிரி. நிறைகுடத்தோடை ஒரு சுமங்கலி நேரை எதிரை வந்தவ... கார்? கார் குதிரை மாதிரிப் போகுது... அது கடற்காத்துச் சத்தம், பாலத்தடியிலை நிக்கிறம்... நிக்கிறமில்லை, போறம். போய்க்கொண்டிருக்கிறம். வாறம் தங்கச்சி. உங்கடை அண்ணரை வாசலுக்கு வரச் சொல்லுங்கோ. வைக்கிறன்.

— அம்மா?

— என்னக்கா? என்ன சொன்னவை?

— என்ரை பிள்ளையிலை தோசமாம். ரெண்டு தரம் தடைப்பட்டது இவன்ரை குறையாலைதானாம். மூண்டாந்தரமும் வழியிலை ஏதும் தடங்கல் வந்தா, கடவுள் காட்டுறாரெண்டு விட்டிடவேணுமாம். அந்தத் தமையன் மனிசன் படலையடியிலை கதிரை போட்டுக்கொண்டு, நாங்கள் எப்பிடி வந்து இறங்கிறமெண்டு பாக்க இருக்கிறாராம். என்ன விசர்ச்சனமடா உதுகள்? எங்கையோ விறகு கொண்டுபோனதுக்கும், எங்கையோ பூனை கத்தினதுக்கும் என்ரை பிள்ளை என்ன செய்வான்?

— அதைத்தானே அக்கா நானும் இவ்வளவு நேரம்...

— நீ வாயை மூடு. ஊசியை இழுக்காட்டி கொடிகாமம் மட்டும் போகுமோ?

— இப்ப நிறைய அடிச்சு, சாவகச்சேரி தாண்டி இன்னொருக்கா அடிச்சமெண்டா போகும்.

— அவையின்ரை ஒழுங்கை திரும்புற முடக்கிலை கடைசியா ஒருக்கா அடிக்கவேணும். காரின்ரை இடப்பக்கத்தை மதிலோடை ஒட்டி விடு, அந்த மனிசன் இந்தச் சில்லைக் கண்ணாலை காணக் கூடாது. பம் எங்கை? நீ என்னடா வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறாய், பத்தரைக்கிடையிலை போகவேண்டாமோ? மிதியடா!